துணி மிச்சம் பிடித்த சுவர்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் தங்கையின் கணவனும் தையற்காரனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கு நான், தங்கள் தங்கை, எங்கள் மகள், தையல் மெஷின்கள் மூன்று, புதிதாகக் கட்டிய தாங்கு சுவர் ஒன்று, ஆக அனைவரும் சுகம். அங்கு தாங்களும் அக்காவும் அவ்விதமே என்று நம்புகிறேன். 'மச்சான்' என்று ஆரம்பிக்கலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். நாலு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்குள் அது அதிகப்படி உரிமை என்று தோன்றியதால் 'மைத்துனர்' என்றே போட்டிருக்கிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுவர் நிற்கிறது. தாங்கள் அன்று எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்று, "வலையைப் போட்டு மீனைப் பிடிக்கலாம் மாப்பிள்ளை, மண்ணைப் பிடிக்க முடியாது. இது விழுற அன்னிக்குக் கூப்பிடு, வரேன்" என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த டீயைக்கூடத் தொடாமல் போனீர்கள். சுவர் விழமாட்டேன் என்கிறது. விழாததால் தங்களைக் கூப்பிட வழியும் இல்லாமல் போய்விட்டது. தங்கள் தங்கை என்னிடம் உப்பு, சர்க்கரை தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்வதில்லை. "எங்க அண்ணன் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கிற வரைக்கும் இப்படித்தான்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் பதினெட்டு வருஷத்துக்கு முன் எங்களுக்குக் கட்டிக் கொடுத்த கல் சுவரைப் பற்றி நான் பேசியது அதிகம்தான். ஆனால் எனக்கும் பயம் இருக்காதா, மேலே சுவர் ஓரத்தில் என் தையல் கொட்டகை, ஒன்பது அடி கீழே தெரு, நடுவில் சுவர் மாசமான பெண் மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் தூக்கம் வருமா. "கட்டின லட்சணம் அப்படி" என்று வாயில் வந்துவிட்டது. ஊரெல்லாம் கொத்தனார் என்று கைகூப்புகிற தங்களிடம், அதுவும் வேலையாட்கள் முன்னால், சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன விதம் தப்பு. சொன்ன விஷயம் தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

மகள் இன்ஜினியருக்குப் படித்து, ரோடு போடும் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், நம் வீட்டுச் சுவருக்குத் தானே படம் போட்டுக் கொடுத்தாள். அவள் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் சுவர். முன்னால் ஒன்றன்மேல் ஒன்று கவ்விக்கொண்டு உட்காரும் கான்கிரீட் கட்டைகள். மூன்று வரிசைக்கு ஒரு தரம், கட்டைக்குள் ஒரு முனையைக் கவ்வக் கொடுத்து, பின்னால் எட்டடி மண்ணுக்குள் விரித்துவிடும் ஜியோகிரிட் என்கிற கறுப்பு பிளாஸ்டிக் வலை. அதன்மேல் மண், மண்ணைத் தட்டி அமுக்க ஒரு மெஷின். மறுபடி கட்டை, மறுபடி வலை. மண் வலையைப் பிடித்துக்கொள்ளும், வலை சுவரைப் பிடித்துக்கொள்ளும், யாரும் யாரையும் தள்ள மாட்டார்கள் என்றாள். நம்ம குடும்பத்தில் இல்லாத ஒற்றுமையா இருக்கே என்று நானும் சரி என்றேன்.

வலை வந்து இறங்கியதும் எனக்குக் கை பரபரத்தது. நாலடி அகலத்தில் சுருள் சுருளாக, அசல் துணிக்கட்டு. மகள் வேலைக்குத் திரும்பியிருந்தாள், இனி ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். படத்தில் என்ன போட்டிருக்கிறது என்றால், சுருளை எட்டெட்டு அடியாக வெட்டி, சுவரிலிருந்து பின்பக்கம் போகிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் விரிக்கணுமாம். முப்பது அடிச் சுவர், ஒரு அடுக்குக்கே எட்டுத் துண்டு. நாற்பது வருஷம் கத்தரி பிடித்த கை, ஒரு சாண் துணியை வீணாக்கியதில்லை, நான் இப்படிக் கொத்துக்கறி போடுவேனா. சுருளைச் சுவரோடு சுவராக முப்பதடிக்கு உருட்டிவிட்டால் ஒரே வெட்டு, அதை ஒட்டி இன்னொரு பட்டை, இன்னொரு வெட்டு, தீர்ந்தது வேலை. மண் வேலைக்கு வந்தவர், "ஐயா, படத்துல வேற மாதிரி இருக்கே" என்றார். "நீங்க மண்ணைப் பாருங்க, துணியை நான் பாத்துக்கறேன்" என்றேன். "அது துணி இல்லீங்களே" என்றார். "விரிச்சா துணிதான்" என்று சொல்லி வாயை அடைத்தேன். வெட்டின ஓரம் பிரியக் கூடாதென்று நைலான் நூலால் ஓரமும் அடித்தேன். மூன்று அடுக்குக்கும் அடித்தேன். மூன்றாவது அடுக்கு அவ்வளவு அம்சமாக வந்ததால், மூலையில் நம்ம கடை லேபிளையும் வைத்துத் தைத்துவிட்டேன்.

ஞாயிறு வர வேண்டியவள் புதன்கிழமையே வந்து நின்றாள். பெற்ற பெண் அல்லவா, அப்பனுக்கு ஒன்று என்றால் அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்துவிடுகிறது. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வலையில் ஒரு துண்டு வெட்டி, "அப்பா, சுருளோட நீளவாக்குல இழுங்க" என்றாள். நானும் மண் வேலைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம், காலை உதைத்து இழுத்தோம், அசையவில்லை. "இப்பக் குறுக்குவாக்குல" என்றாள். இழுத்ததும் பட்டென்று விட்டுவிட்டது, நான் போய்ச் செங்கல்லில் உட்கார்ந்தேன்.

"அப்பா, பேண்ட்டை எந்த வாட்டத்துல வெட்டுவீங்க?"

"நீளவாட்டத்துலதான். பாவு நூல் மேலிருந்து கீழ போகணும்."

"ஏன்?"

"இல்லேன்னா போட்ட பத்தாம் நாள் முட்டி தொங்கிடும்மா."

"அப்ப என் சுவருக்கு மட்டும் முட்டி தொங்கலாமா? மண்ணு சுவரை முன்னால தள்ளுது, உங்க வலை பலத்தையெல்லாம் பக்கவாட்டுல வச்சிட்டு நிக்குது. ரெண்டாவது பட்டை சுவரைத் தொடவே இல்லை, அது சும்மா மண்ணுக்குள்ள படுத்துத் தூங்குது."

மச்சான், நான் யார் என்ன சொன்னாலும் தாங்குவேன், துணிக்கு வாட்டம் தெரியாதவன் என்று என் பெண் வாயால் கேட்டதுதான் தாங்க முடியலை. ரெண்டு நாள் நானும் சேர்ந்து மண்ணை வாரினேன். கட்டையைக் கழற்றினோம், வலையை உருவினோம். அந்த லேபிள் வெளியே வந்தது பாருங்க, அதுவரைக்கும் உர்ரென்று இருந்தவள் சிரிக்க ஆரம்பிச்சா, மண் குவியல்லயே உக்காந்துட்டா, மண் வேலைக்காரர் மெஷினை நிறுத்திட்டுச் சிரிச்சார், நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது. அப்புறம் எட்டெட்டு அடியா நானே வெட்டினேன். என் நல்ல கத்தரி பல்லுப் போச்சு. போகட்டும்.

ஆனா ஒரு விஷயத்துல என்னை யாரும் அசைக்க முடியாது. அடியில தண்ணி வடியற ஓட்டைக் குழாய்க்கு வடிகட்டித் துணி சுத்தணும்னு மகள் சொன்னா. நான் சுத்தலை, தலையணை உறை மாதிரி ரெட்டைத் தையல் போட்டு மாட்டி விட்டேன். மகள் அதை போட்டோ எடுத்து அவங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டியிருக்கா. போன வாரம் மூணு நாள் விடாத மழை. நான் குடையைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ்த்தெருவுல நின்னேன். சுவர் ஒரு நூல் நகரலை. குழாய்ல தண்ணி வருது, மண்ணு கலங்காம, குடிக்கிற மாதிரி வருது. எனக்குக் குதிக்கலாம்போல இருந்துச்சு, வயசை நினைச்சுச் சும்மா வந்துட்டேன். நாலு மாசத்துல ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்திருந்தால் தாங்களும் அந்தச் சந்தோஷத்தில் பங்கு பெற்றிருக்கலாம். எங்களுக்கு யார் துணையும் வேண்டியிருக்கவில்லை என்பதை மட்டும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்போதாவது பெருந்தன்மையோடு தோல்வியை ஒத்துக்கொண்டு ஒரு டீ குடிக்க வரவும். அக்காவுக்கு என் வணக்கம். தாங்கள் நீடூழி வாழ்ந்து இன்னும் பல சுவர்கள் கட்ட வேண்டும், அவை நேராக நிற்க வேண்டும் என்று வாழ்த்தும்,

தங்கள் தங்கையின் கணவன்.

பி.கு. மச்சான், மேலே எழுதினது எதையும் படிக்காதீங்க. உறையை ஒட்டுறதுக்கு முன்னாடி, நல்லா எழுதியிருக்கேன்னு மகள்கிட்ட பெருமையாப் படிச்சுக் காட்டினேன். அவ சிரிக்கவே இல்லை. உள்ள போய் ஒரு கவரை எடுத்துட்டு வந்து மேசையில கொட்டினா. மண்ணு புடிச்சு இறுகின துணிப் பொட்டலம், ஏழு. நீல வரி போட்ட சட்டைத் துணி, நானே தைச்ச பள்ளிக்கூட யூனிஃபார்ம் வெட்டு. உங்க கல் சுவர்ல தண்ணி வடிய நீங்க விட்ட ஓட்டை ஏழு. எலி வந்து துணியைக் கடிக்குதுன்னு ஒவ்வொண்ணா அடைச்சது நான். அடைச்சதையே மறந்துட்டேன். தண்ணி போக வழியில்லாம உள்ள தேங்கித்தான் சுவர் வயிறு தள்ளியிருக்கு. இடிச்ச கல்லைக் கீழ்த்தெருவுல கொட்டினப்ப நீங்க பார்த்து, எடுத்து, அவகிட்டக் கொடுத்து, "உங்கப்பன்கிட்டச் சொல்லாத, மனசு ஒடிஞ்சிடுவான்"னு சொன்னீங்களாமே. கட்டின லட்சணம்னு சொன்னவன் வாயை அடைக்கக் கையில ஏழு பொட்டலம் இருந்தும் சும்மா இருந்திருக்கீங்க. வேலை நடந்த அத்தனை நாளும் கீழ்த்தெருவுல நடந்து நடந்து பார்த்தீங்களாம். செவ்வாய்க்கிழமை, "உங்கப்பன் துணி மிச்சம் புடிக்கிறான், உடனே கிளம்பி வா"ன்னு போன் பண்ணினதும் நீங்கதானாம். உங்க தங்கச்சி இதையெல்லாம் கேட்டுட்டு அடுப்படியில நின்னு அழறா, நடுநடுவுல என்னைப் பார்த்துச் சிரிக்கிறா. நான் கொட்டகையைப் பூட்டிட்டேன். இதைத் தபால்ல போடலை, நானே கொண்டுவந்து உங்க கையில கொடுத்துட்டு, நீங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் வாசல்லயே நிக்கறேன். திட்டுறதா இருந்தா உள்ள கூப்பிட்டுத் திட்டுங்க மச்சான்.