மோதிர விரல் உண்டாக்கிய மேலதிகாரி

குடிநீர் வழங்கல் அலுவலகம் பொதுமக்களின் வசதிக்காகப் பொதுமக்களைச் சந்திப்பதை நிறுத்திக்கொண்டது. நேரில் வரக் கூடாது. தொலைபேசியில் கூப்பிடக் கூடாது. குரல் பதிவு செல்லாது. குறை இருந்தால் கைபேசியில் தட்டி, எழுத்தாக அனுப்ப வேண்டும். ‘மக்களுக்கும் அலுவலகத்துக்கும் இடையே இருந்த தடைகள் முற்றிலும் நீக்கப்பட்டன’ என்று கதவில் பலகை மாட்டி, கதவைப் பூட்டிக்கொண்டார்கள்.

இந்த முன்னேற்றத்தில் முதலில் மாட்டிக்கொண்டவள் வெளுப்பக்கா. தெருமுனையில் சலவை நிலையம் வைத்திருந்தாள். துணியை இயந்திரம் வெளுக்கும், ஆளை அவள் வெளுப்பாள். அதனால் வந்த பெயர். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. சட்டைக் காலரைத் தொட்டே அது யாருடையது என்று சொல்லிவிடுவாள். சொல்வதோடு நிறுத்தவும் மாட்டாள்.

திடீரென்று குழாயில் தண்ணீர் நின்றுபோனது. கடைக்குள் அழுக்குத் துணி கூரையைத் தொட்டது. வாடிக்கையாளர்கள் வேறு கடையைத் தேடத் தொடங்கினார்கள். அக்கா சொல்லச் சொல்ல, இஸ்திரி போடும் அவள் வீட்டுக்காரர் புகார் எழுதி அனுப்பினார்.

“தண்ணி வரல. தூங்கறீங்களா, செத்துட்டீங்களான்னு எழுதுங்க!”

பதில் வந்தது. கைபேசி அதை உணர்ச்சியே இல்லாத குரலில் படித்தது: “தங்கள் அன்பான நலம் விசாரிப்புக்கு நன்றி. இங்கு அனைவரும் நலம். புகார் முடித்துவைக்கப்பட்டது.”

“என்னங்க எழுதித் தொலைச்சீங்க?”

“நீ சொன்னதேதான்மா. சுருக்கத்தை மட்டும் எடுத்தேன்.”

“எப்படி?”

“‘தாங்கள் நல்ல உறக்கமும் நீண்ட ஆயுளும் பெற்றிருக்கிறீர்களா’ன்னு.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “இனிமே என் திட்டை நானே எழுதிக்கிறேன்.”

பிரெயில் என்கிற புள்ளி எழுத்து அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அது காகிதத்தில் மேடு மேடாக விரலுக்குத் தட்டுப்படும். கைபேசியிலோ வழவழவென்று வெறும் கண்ணாடி. பள்ளித் தோழி ஒருத்தி தொலைபேசி வழியே பாடம் எடுத்தாள். கைபேசியைப் படுக்கைவசமாகத் திருப்பி, திரை எதிரே நிற்பவரைப் பார்க்கிற மாதிரி பிடிக்க வேண்டும். இந்தக் கையில் மூன்று விரல், அந்தக் கையில் மூன்று விரல், ஆக ஆறு புள்ளி. சேர்த்து அழுத்தினால் எழுத்து. ஒரு பக்கம் வழித்தால் இடைவெளி, மறுபக்கம் வழித்தால் அழிப்பு.

“நெரிக்காதடி, அது அந்த அதிகாரி கழுத்து இல்ல!” என்றாள் தோழி, கண்ணாடி நெரிபடும் சத்தம் கேட்டு.

அக்கா ‘தண்ணீர்’ என்று அழுத்தினாள். கைபேசி ‘தகாக்’ என்றது. இடைவெளி விடப்போய் முழுச் சொல்லையும் துடைத்துவிட்டாள். துணியைத் துவைக்கிற மாதிரி ஒரே வார்த்தையை அடித்து, அலசி, மறுபடி அடித்தாள். எதிரே நின்ற வீட்டுக்காரர், தன் பக்கம் திரும்பியிருந்த திரையில் எழுத்துகள் முளைப்பதைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ, இதை அப்படியே அனுப்பப் போறியா?”

“தப்பா இருக்கா?”

“தப்பில்லாம இருக்கு. அதான் பயமா இருக்கு.”

அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சொன்னது சொன்னபடி வெளியே போகப் போகிறது! அந்தச் சந்தோஷத்தில் வலது கை மோதிர விரலுக்குத்தான் தலைகால் புரியவில்லை. கூப்பிடாமலே வந்து கண்ணாடியைத் தொட்டது. ‘ந’ எழுத நான்கு புள்ளி. அதோடு அந்த விரலும் பட்டால் ‘ய’. மற்ற இடங்களில் ஒழுங்காக இருந்த விரல், அவள் தன்னைப் பற்றி எழுதும்போது மட்டும் ஆவேசத்தில் பட்டுத் தொலைத்தது. புகார் இப்படி அமைந்தது:

‘தண்ணீர் வரவில்லை. யான் இனிப் பொறுக்க மாட்டேன். உடனே ஆள் வரட்டும். இல்லாவிட்டால் யாம் நேரில் பேசுவோம்.’

கைபேசி படித்துக் காட்டியது. தவறு காதில் விழுந்தது. ஆனால் அழிக்கப்போய் எல்லாமே போய்விட்டால்? “போகட்டும் சனியன்” என்று அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை கடை வாசலில் ஜீப் நின்றது. உதவிப் பொறியாளர் இறங்கினார். பின்னால் அலுவலக எழுத்தர், காற்றுக்குக்கூட வழிவிட்டு ஒதுங்கி வந்தார்.

“ஐயா இருக்காங்களா?” என்றார் பொறியாளர்.

“எந்த ஐயா?”

“யாம்னு எழுதினவங்க.”

“அது நான்தான். ஏன்?”

பொறியாளர் செருப்பைக் கழற்றினார். “மன்னிக்கணும்மா. படிச்சதுமே எங்க எழுத்தர் சொல்லிட்டார். வணக்கம் இல்ல, பணிவன்புடன் இல்ல, கெஞ்சல் இல்ல. இப்படி எழுதறவங்க நமக்கு ரொம்ப மேல உள்ளவங்களாத்தான் இருக்கணும்னு.”

அக்கா உண்மையைச் சொன்னாள். “அட, ஒரு விரல் தெரியாம பட்டுடுச்சுங்க.”

“ஒரு விரல் பட்டதுக்கே அலுவலகம் ஆடிப்போச்சு. கை முழுக்கப் பட்டா நாங்க என்ன ஆவோம்?” என்றார் எழுத்தர்.

அக்காவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. அடக்கிக்கொண்டு கைபேசியை எடுத்து, ‘தண்ணீர் எங்கே’ என்று அழுத்தினாள். திரை பொறியாளரைப் பார்த்தபடி இருந்தது. எழுத்து ஒவ்வொன்றாக அவர் கண்ணெதிரே தோன்றியது.

“பார்த்தீரா?” என்று எழுத்தரிடம் கிசுகிசுத்தார். “எழுதறவங்க பார்க்கறதே இல்ல. எதிர்ல நிக்கறவன்தான் பார்க்கிறான். இதுதான்யா வெளிப்படையான நிர்வாகம்!”

அன்று மதியம் குழாயில் தண்ணீர் வந்தது. வந்த வேகத்தில் குழாயின் தலையே பறந்து இஸ்திரி மேசையில் விழுந்தது.

அலுவலகத்தில் சுற்றறிக்கை வந்தது. திரையைத் தன்னை நோக்கி வைத்து எழுதுவது ஒளிவுமறைவான செயல். இனி அலுவலர்கள் அனைவரும் திரையை வெளிப்புறம் காட்டியே எழுத வேண்டும். ‘நான்’, ‘நாங்கள்’ ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். அவர்களில் ஒருவருக்கும் புள்ளி எழுத்து தெரியாது. ஆகவே கைபேசியைத் திருப்பிப் பிடித்து, கைக்கு வந்த இடத்தில் தட்டினார்கள். ‘யாம் ஙபூ ளழ்ழிக் ஞொ’ என்று ஓர் உத்தரவு போனது. கீழ் அலுவலகம் ‘உத்தரவுப்படி நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று பதில் அனுப்பியது. எல்லாரும் அதன் சுருக்கமான நடையைப் பாராட்டினார்கள்.

செய்தி தெருவில் பரவியது. முதலில் சலூன்காரர் வந்தார், பிறகு பல் டாக்டர். “அக்கா, எங்களுக்கும் அந்த யாமைக் கத்துக்குடு.”

“நீங்க சாதாரணமாவே தட்டலாமேய்யா. உங்களுக்கு ஆறு விரல் எதுக்கு?”

“சாதாரணமா தட்டினா அந்த மிடுக்கு வராது” என்றார் டாக்டர்.

அக்கா கடையிலேயே வகுப்பு தொடங்கினாள். சலூன்காரர் கத்தரிக்கோல் பிடிப்பதுபோலப் பிடித்தார். டாக்டர் பல்லைப் பிடுங்குவதுபோல அழுத்தினார். அக்கா விரல்களைப் பிடித்துப் பிடித்துத் திருத்தினாள், திட்டினாள், சிரித்தாள். அவளுக்கே இப்போது ‘ந’ சுத்தமாக வந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தேவை இருக்கவில்லை. தெருவில் வீட்டுக்கு வீடு ‘யாம்’ என்று புகார் போனது. வீட்டுக்கு வீடு தண்ணீர் கொட்டியது. எழுத்தில் இருந்தது பேச்சுக்கும் வந்தது. “யாம் இப்ப கடை சாத்தப் போறோம்” என்றார் சலூன்காரர், பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தவரிடம்.

இப்படித் தெருவே உச்சியில் மிதந்துகொண்டிருந்தபோது குழாய்கள் கொர்ரென்று மூச்சு விட்டு அடங்கின. எல்லாரும் வாளியோடு சலவை நிலையத்துக்கு ஓடிவந்தார்கள். அக்காவின் கைபேசிக்கு ஓர் அறிவிப்பு வந்திருந்தது. அது படித்தது:

“தங்கள் தெருவிலிருந்து வந்த புகார்களை ஆராய்ந்ததில், அங்கு வசிப்போர் அனைவரும் மேலதிகாரிகள் என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகிறது. பொதுமக்கள் எவரும் அங்கு இல்லாத காரணத்தால், பொதுமக்களுக்கான குடிநீர் விநியோகம் நிறுத்தப்படுகிறது. பொதுமக்கள் எவரேனும் இருப்பின், அவர் தம்மைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்ளலாம்.”

எல்லாரும் வாளியைக் கீழே வைத்தார்கள்.

“இதென்ன பெரிய விஷயம்? யாராவது ஒருத்தர் பொதுமக்களா எழுதினா போதும்” என்றார் டாக்டர்.

“சரி, நீங்க எழுதுங்க” என்றார் சலூன்காரர்.

“யாம் படிச்சவங்கப்பா.”

“அப்ப யாம் மட்டும் இளிச்சவாயா?”

“அக்கா, நீதான் எங்களுக்கு வாத்தியார். நீ எழுது” என்றார்கள் இருவரும்.

அக்கா கைபேசியைத் திருப்பிப் பிடித்தாள். மோதிர விரலை நன்றாகத் தூக்கிக்கொண்டு அழுத்தினாள். “நான்” என்றது கைபேசி, தெளிவாக. அந்தச் சின்னஞ்சிறு சொல்லைக் கேட்டதும் அவளுக்கு என்னவோ போல் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற பொறியாளரின் குரல் காதில் வந்து போனது. மெல்ல வழித்து அழித்தாள்.

“இன்னிக்கு விரல் சரியில்ல” என்றாள்.

எல்லாரும் அவள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்கள். பணிவைத் தவிர வேறு எதையும் எழுதி அறியாத மனிதர். அவர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“யாம் கொஞ்சம் வேலையா இருக்கோம்” என்றார்.