மணப்பெண்ணோடு மலையிறங்கிய என் ஒரிஜினல் பிரேக் டிஸ்க்குகள்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் "இது ஒரிஜினல் பாகமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டவருக்கு அன்றைய பிற்பகல் போய்விடும். அப்படிப் பிற்பகலைப் பறிகொடுத்தவர்கள் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பறித்தது பெரும்பாலும் நான்தான்.

என்னுடையது எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த கார். எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, கப்பல் போல நீண்ட மூக்கு. மசில் கார் என்பார்கள். ஒரு பண்ணைக் கொட்டகையில் அதைக் கண்டெடுத்தபோது பின்சீட்டில் கோழிகள் குடியிருந்தன. நானும் என் கணவர் செந்திலும் வருடக்கணக்கில் எங்கள் சனிக்கிழமைகளை அதற்குத் தின்னக் கொடுத்து உயிர்ப்பித்தோம். இன்றைக்கும் அது கிளம்பினால் எங்கள் தெருவில் ஜன்னல்கள் திறக்கும். (திட்டுவதற்காகவும் சிலர் திறப்பார்கள். நான் அவர்களுக்கும் கையசைப்பேன்.)

நான் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்தவள். செந்தில் கரூரிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்தவர். வீட்டில் பேசும் தமிழே இரண்டு வகை. காரில் மட்டும் ஒற்றுமையாக இருந்தோம், பிரேக் டிஸ்க் என்ற பேச்சு வரும்வரை.

முன்சக்கரத்துக்குள் தட்டு மாதிரி ஓர் இரும்பு வட்டம் சுழலும். பிரேக்கை மிதித்தால் இரண்டு கட்டைகள் அதை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்தும். அதுதான் டிஸ்க். என் காரில் இருந்தவை தொழிற்சாலையிலிருந்து காரோடு வந்த அதே ஜோடி. துருவுக்கு அடியில் வார்ப்பு எண்கூடத் தெரிந்தது. அந்த எண்ணைத் தடவிப் பார்த்த அன்றே முடிவுசெய்துவிட்டேன், இவை இந்தக் காரை விட்டுப் போகாது என்று. செந்தில் அதற்குள் புது டிஸ்க் ஜோடி ஒன்றைத் தருவித்து, பெட்டியைப் பிரிக்காமல் கராஜ் மூலையில் வைத்திருந்தார்.

"அம்பது வருஷமாத் தேஞ்ச இரும்பு தாரணி. புதுசு போட்டா ஒண்ணும் குறைஞ்சுடாது. அந்த H பிளேட்டுக்கும் பிரச்சினை இல்ல, கேட்டுட்டேன்," என்றார். பழமை மாறாத வண்டிகளுக்கு இங்கே H எழுத்துப் போட்ட நம்பர் பிளேட் தருவார்கள். அதை நான் பட்டம் வாங்கியவள் போலத்தான் மாட்டியிருந்தேன்.

"ஒரிஜினல் ஒரிஜினல்தான்," என்றேன்.

"நாள் முழுக்க மத்தவங்களுக்குப் புதுப் பல்லு செஞ்சு குடுக்கிற. கார்னு வந்தா மட்டும் பழைய பல்லுதான் வேணுங்கிற."

அது உண்மை. என் தொழில் அதுதான். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்ப, நான் ஆய்வுகூடத்தில் செயற்கைப் பற்கள் செய்கிறேன். ஸ்பானரைச் சத்தமாக வைத்தேன்.

வாகனச் சோதனையில் அந்த டிஸ்க்குகள் எப்படியோ தேறின. சோதித்தவர், "தேறியது, ஆனால் தடிப்பு மட்டுமட்டாகத்தான் இருக்கிறது, அடுத்த முறை புதிது போட்டுக்கொண்டு வாருங்கள்," என்று சொல்லியனுப்பினார். அந்த நீளமான வாக்கியத்திலிருந்து "தேறியது" என்பதை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அப்போதுதான் தங்கை நிஷாவின் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை யோனாஸ், பள்ளிக்கூடத்தில் இசை கற்பிப்பவன். எங்கள் அம்மாவிடம் தமிழ் படித்தவன். அவனுக்குச் சரளமாக வரும் சொற்கள் இரண்டு: ஓம், ஏலாது. ஆமாம், முடியாது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் அப்படித்தான். நிஷா என்னிடம் வந்து, "அக்கா, நான் உன்ர கார்லதான் வருவன். லிமோசின் ஒண்டும் வேண்டாம்," என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. "அந்தக் கோழிக்கூட்டிலயோ?" என்றார்.

கல்யாண வீடியோவில் சக்கர இடுக்கு வழியாக டிஸ்க் தெரியுமே, அதில் கோடு கோடாகக் கீறல் இருக்கிறதே என்று எனக்குக் கவலை பிடித்தது. கழற்றிக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய், கண்ணாடி மாதிரி வழித்துத் தரச் சொன்னேன். பட்டறைக்காரர் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இது அலமாரியில் வைக்கவா?" என்று கேட்டார். அவ்வளவு அழகாக இருக்கிறது என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "இல்லை, காருக்கு," என்றேன் பெருமையாக. அவர் தோளைக் குலுக்கினார். பிறகு வழித்துத் தந்தார். என் முகத்தையே அதில் பார்த்துத் தலை வாரலாம் போல இருந்தது. சமதரையில் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி நின்றது. டார்ம்ஸ்டாட்டில் பெரும்பகுதி சமதரை என்பதை நான் யோசிக்கவில்லை.

கல்யாண நாள். காலையில் கோயிலில் தாலி கட்டியாயிற்று. மாலையில் மண்டபத்தில் விருந்து. இடையில், ஓடன்வால்ட் மலைப்பகுதியில் குன்று ஒன்றின் மேல் இருக்கும் பாழடைந்த கோட்டையில் படம் எடுக்கப் போனோம். ஏறும்போது என் கார் கர்ஜித்த கர்ஜனையில் கோட்டையில் நின்ற சுற்றுலாக்காரர்கள் கோட்டையை விட்டுவிட்டுக் காரைப் படம் எடுத்தார்கள். கூறைச் சேலையில் நிஷாவும் தலைப்பாகையோடு யோனாஸும் பின்சீட்டில். அம்மா எனக்குப் பக்கத்தில், கையில் செல்பேசியோடு. செந்தில் எங்கள் சின்னக் காரில், கொஞ்சம் பின்னால்.

இறங்கத் தொடங்கினோம். முதல் வளைவில் பிரேக்கை மிதித்தபோது ஸ்டீயரிங் கைக்குள் சிலிர்த்தது.

"ரோடு சரியில்லை," என்றேன். (ஜெர்மனியில் ரோட்டைக் குறை சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.)

அடுத்த வளைவில் கார் முழுவதும் உதறியது. அம்மாவின் காப்புகள் கலகலத்தன. நிஷாவின் நெற்றிச்சுட்டி மூக்குக்கு இறங்கியது. யோனாஸின் தலைப்பாகை கண்ணை மூடியது. நால்வருக்கும் பல் கிடுகிடுத்ததால் கொஞ்ச நேரம் யாராலும் முழுச் சொல் பேச முடியவில்லை.

"அ-அக்கா, என்னவோ ம-மணக்குது," என்றாள் நிஷா.

"ஆரோ கிரில் போடினம்," என்றார் அம்மா.

"அம்மா, கிரில் எங்களுக்குக் கீழதான் இருக்கு."

டிஸ்க் மெலிந்துபோனால் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள அதில் இரும்பு இருக்காது. சூடு பிரேக் எண்ணெய்க்குப் போகும். எண்ணெய் கொதித்தால் பெடல் பஞ்சு போல் இறங்கிவிடும். இதையெல்லாம் நான் ஏற்கெனவே படித்திருந்தேன், மற்றவர்களுடைய கார்களைப் பற்றி. மூன்றாவது வளைவுக்கு முன்னால் மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது. கார் எதையும் கேட்காததுபோல் போய்க்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பிறகுதான். அப்போது என் கை தானாகக் கியரைக் கீழே இழுத்தது. எட்டு சிலிண்டரும் அலற, வேகம் கொஞ்சம் மட்டுப்பட்டது. இடது காலால் பார்க்கிங் பிரேக்கைக் (இந்தக் காரில் அதுவும் கால் பெடல்தான்) கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினேன். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த மற்றக் கையால் ஹாரனை அழுத்தினேன், விடவேயில்லை.

கீழே சின்னக் கிராமம் ஒன்று. இந்த நாட்டில் கல்யாண வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போவது வழக்கம். நான் விலகச் சொல்லி அடிக்கிறேன், அவர்கள் வாழ்த்துகிறார்கள். எதிரே வந்த கார்களெல்லாம் பதிலுக்கு ஹாரன் அடித்தன. பெஞ்சில் இருந்த வயதான தம்பதி எழுந்து கை தட்டினார்கள். அம்மா பழக்கதோஷத்தில் அவர்களுக்குக் கையசைத்தார்.

"யோனாஸ், நீ ஓகேவா?" என்று நிஷா கேட்பது காதில் விழுந்தது.

"ஏலாது," என்றான் யோனாஸ். "ஏலாது, ஏலாது."

கிராமத்து வீதி முடிகிற இடத்தில் ஒரு சந்தி, அதில் குறுக்கே லாரிகள். அதற்குச் சற்று முன்னால், இடது பக்கம், திராட்சைத் தோட்டத்துக்குள் மேல்நோக்கிப் போகும் மண்பாதை ஒன்று தெரிந்தது. இறங்குகிற வண்டியை நிறுத்த ஏலாவிட்டால் ஏற்றிவிட வேண்டியதுதான். "எல்லாரும் பிடிச்சுக்கொள்ளுங்கோ," என்று சொல்லி ஸ்டீயரிங்கை ஒடித்தேன். கார் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, கொடிகளுக்கு நடுவே ஏறியது. வேகம் தேய்ந்து, ஓர் ஆள் நடக்கிற வேகமாகி, நின்றது. பார்க்கிங் பிரேக்கை முழுக்க அழுத்தினேன். ஒரு கொடிகூட முறியவில்லை. இதை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

முன்சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நிஷா மெதுவாக இறங்கி, சேலையைச் சரிசெய்து, குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தாள். வெள்ளிபோல் மின்னிய என் டிஸ்க்குகள் நீலம் பாரித்துக் கிடந்தன.

"அக்கா," என்றாள், "இது ஒரிஜினலோ?"

இந்த முறை கேட்டது அவள். என் பிற்பகலைப் பறித்துப் பழிதீர்த்துக்கொண்டாள்.

செந்தில் வந்து சேர்ந்தார். ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார். பிறகு டிஸ்க்கைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் சொல்லவில்லை. "ஷைன் நல்லாத்தான் வந்திருந்துச்சு," என்றார். இதைவிட அதையே சொல்லியிருக்கலாம்.

மண்டபத்தில் விருந்தாளிகள் காத்திருந்தார்கள். சின்னக் காரின் பின்சீட்டில் பூக்கூடைகள் பாதி, உறவினரோடு முன்னமே மண்டபத்துக்குப் போய்விட்ட எங்கள் சின்ன மகளின் சீட் மீதி. குழந்தை சீட்டைக் கழற்ற நேரமில்லாமல் யோனாஸ் பூக்கூடைகளோடு பூக்கூடையாக உள்ளே செருகப்பட்டான். "அத்தை, நீங்க முன்னாடி உக்காருங்க. நிஷா பின்னாடி சமாளிச்சுக்குவா," என்றார் செந்தில்.

"நான் வரேல்ல தம்பி. நீங்கள் போங்கோ. நான் இவளோட நிக்கிறன்," என்றார் அம்மா.

அவர்கள் போனபிறகு இழுவை வண்டிக்கு அழைத்தேன். பாதையோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். பட்டுச்சேலையை ஒதுக்கிக்கொண்டு அம்மாவும் பக்கத்தில் அமர்ந்தார். கைப்பையிலிருந்து கோயிலில் கொடுத்த வடையை எடுத்துப் பிட்டு என் கையில் வைத்தார். அந்தக் காரைப் பற்றி அவர் அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஏறும்போதுகூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏறியிருந்தார்.

"பயந்திட்டியோ?"

"இப்பதான் பயமா இருக்கு அம்மா."

அவர் புகையும் சக்கரத்தைப் பார்த்தார், பிறகு சந்தியில் ஓடிய லாரிகளைப் பார்த்தார். "நல்லாக் கார் ஓடினாய்," என்றார். "உன்ர அப்பா எண்டால் கண்ணைப் பொத்தியிருப்பார்."

நான் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் வாங்கியபோது கைதட்டாத அம்மா அவர். (வாட்ஸ்அப்பில் போட்டார், அது வேறு.) நான் வடையை மென்றுகொண்டே அழுதேன், சிரித்தேன், வாயில் வடை இருந்ததால் இரண்டும் சரியாக வரவில்லை.

நாங்கள் மண்டபத்துக்கு மஞ்சள் நிற இழுவை வண்டியில் போய்ச் சேர்ந்தோம். மேலே என் கார், மாலை தொங்க, கோயில் வாகனம் போல. கீழே டிரைவருக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையில் நானும் அம்மாவும். வாசலில் நின்ற கூட்டம் இது ஏதோ ஏற்பாடு என்று நினைத்துக் கை தட்டியது. நாதஸ்வரக்காரர்கூட ஒரு கணம் யோசித்துவிட்டு வாசித்தார். அம்மா இறங்கிய மிடுக்கைப் பார்த்தால் ஏற்பாடு என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த வாரம் கராஜில் டிஸ்க்குகளைக் கழற்றினோம். நான் வருகிறவர்களுக்கெல்லாம் பிறந்த தேதி என்று காட்டிப் பெருமைப்பட்ட அந்த வார்ப்பு எண்ணைச் செந்தில் பிரஷ் போட்டுத் தேய்த்தார். எண்ணுக்கு முன்னால் மங்கிக்கிடந்த எழுத்துகள் தெளிந்தன. "தடிப்பு இந்த எண்ணுக்குக் கீழ தேஞ்சா தூக்கிப் போடணும்னு எழுதியிருக்கு," என்றார். அளந்தோம். எப்போதோ தூக்கிப் போட்டிருக்க வேண்டும். நானே மூலையிலிருந்த பெட்டியைப் பிரித்து, புதியவற்றை மாட்டினேன். இப்போது எந்த மலையிலும் இறங்குவேன். இறங்கியிருக்கிறேன்.

கல்யாணப் படங்களில் அம்மா பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியிருப்பது கோட்டையில் எடுத்த எதையும் அல்ல. உதறலில் அவர் விரல் பட்டுச் செல்பேசி தானாக எடுத்தது ஒன்று இருக்கிறது. மங்கலான இரண்டு முகங்கள், திறந்த இரண்டு வாய்கள், கண்ணை மூடிய தலைப்பாகை. வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் அம்மா அதன் முன்னால் நிறுத்திக் கதை சொல்வார். சொல்லச் சொல்ல மலை வளர்கிறது. போன பொங்கலுக்கு வந்த ஒரு அக்காவிடம் சொல்லும்போது பக்கத்தில் ஆயிரம் அடிப் பள்ளம் வந்திருந்தது.

"என்ர மூத்தவள் ஒற்றைக் கையால பிடிச்சு நிப்பாட்டினவள்," என்றார் அம்மா.

"இஞ்ச ஏது அவ்வளவு பெரிய மலை?" என்று அவர் கேட்டார். "எந்தப் பக்கம்?"

அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆல்ப்ஸ்," என்றார்.

அந்த அக்கா சந்தேகத்தோடு யோனாஸைத் திரும்பிப் பார்த்தார். பொங்கல் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தி, முகத்தில் ஒரு சலனமுமில்லாமல் அவன் சொன்னான்:

"ஓம். ஆல்ப்ஸ்."