மேஜருக்கு ஒரு நாற்காலி

"சார், இந்த விண்ணப்பம் எழுதினது நீங்கதானா?" என்று மனிதவள மேலாளர் கேட்டதும் காவலாளி தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். ஒன்பது மாதமாக "ஏம்பா" என்று கூப்பிட்ட மனிதர் திடீரென்று "சார்" என்றால் யாரும் திரும்பித்தான் பார்ப்பார்கள்.

"ஆமா சார். அந்த நாற்காலி விஷயமா..."

"நாற்காலிய விடுங்க. நீங்க ராணுவத்துல இருந்தவரா? ஒரு வார்த்தை சொல்லலியே!"

விண்ணப்பத்தில் இருந்ததே நாலு வரிதான். காப்பீட்டு நிறுவனத்தின் வாசலில் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நிற்க முடியவில்லை. வலது முழங்காலில் பழைய அடி. டாக்டர் சீட்டு இணைத்துள்ளேன். ஒரு நாற்காலி தந்தால் போதும், பிளாஸ்டிக் ஆனாலும் சரி. "ராணுவத்தில் இருந்தபோது பட்ட அடி" என்று சேர்க்கச் சொன்னவள் மனைவி. "வெறும் கால்வலின்னா எவன் மதிப்பான்? பட்டாளம்னு போடுங்க, கொஞ்சம் வெயிட்டா இருக்கும்" என்றாள்.

டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். "இன்னும் ஆறு மாசம் இப்படியே நின்னீங்கன்னா, அப்புறம் நீங்க நினைச்சாலும் நிக்க முடியாது." நிற்க முடியாத காவலாளியை எந்த நிறுவனமும் வைத்துக்கொள்ளாது. வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். ஆனால் வாசலில் காவலாளி உட்காரக் கூடாது என்பது இந்த அலுவலகத்தின் விதி. உட்கார்ந்தால் தூங்கிவிடுவானாம்.

மேலாளர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எந்தச் சண்டையில சார் குண்டு பட்டுச்சு?"

"குண்டு இல்ல சார். நான் லாரி டிரைவர். பின்கதவுச் சங்கிலி அறுந்து உருளைக்கிழங்கு மூட்டை முழங்கால் மேல விழுந்துச்சு."

மேலாளர் அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு, "என்ன ஒரு அடக்கம்!" என்றார்.

அன்று மாலையே ஒன்பது மாடி ஆட்களையும் கீழே இறக்கினார்கள். மேலாளர் மைக்கில் பேசினார். நாம் ஏசியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோமே, யாரால் என்று கேட்டார். எல்லாரும் காவலாளியைப் பார்த்துக் கைதட்டினார்கள். தட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. நாற்பது நிமிடமும் அவர் நின்றார்.

கைதட்டாத ஒரே ஆள், தரை துடைக்கும் அக்கா. அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் 'மாப் அக்கா'. கூட்டம் தொடங்கியதுமே விருட்டென்று வாளியைத் தூக்கிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து நடந்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தன் நீல ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த ஸ்டூலைப் பார்க்கும்போதெல்லாம் காவலாளிக்கு வயிறு எரியும்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போலத் தூணைத் தேடிப் போனார். விதி என்று ஒன்று இருந்தால் வழி என்று ஒன்று இருக்கும் அல்லவா? வாசலுக்கு இடப்பக்கம் ஒரு தூண். கேமராவில் தெரியாத பக்கமாக அதில் சாய்ந்துகொண்டால் முழங்காலுக்குப் பாதி பாரம் குறையும். ஒன்பது மாதமாக அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தத் தூண்தான்.

தூணைக் காணோம். தூண் இருந்த இடத்தில் ஆறடி உயரத்துக்கு அவரே நின்றார். அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவில் முகத்தை வெட்டி, யாரோ ஒருவரின் ராணுவ உடம்பில் ஒட்டி, அட்டையில் அச்சடித்துத் தூணைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கீழே 'எங்கள் வாசலின் மாவீரர்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் தரையில் இரண்டு பாதங்கள் வரைந்திருந்தன.

"அங்க நின்னீங்கன்னா கரெக்டா இருக்கும் மேஜர்" என்றாள் வரவேற்பு மேசைப் பெண். "செல்ஃபி எடுக்கிறவங்களுக்கு லைட் நல்லா விழும்."

"நான் மேஜர் இல்லம்மா. லாரி டிரைவர்."

"தெரியும் மேஜர். எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்ல முடியாதுல்ல?" என்று அவள் குரலைத் தாழ்த்திக் கண்ணடித்தாள்.

பட்டாளத்தில் பதினேழு வருஷம் கெஞ்சியும் கிடைக்காத பதவி உயர்வு இங்கே ஒரே ராத்திரியில் கிடைத்துவிட்டது. சம்பளம் மட்டும் டிரைவருக்கும் கீழே.

அன்றிலிருந்து உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் சல்யூட் அடித்தார்கள். பாதிப் பேர் இடது கையால் அடித்தார்கள். அடித்தால் அவரும் விறைப்பாக நின்று பதிலுக்கு அடிக்க வேண்டும். முன்பெல்லாம் யாரும் தன்னைப் பார்க்காத நேரத்தில் காலை மாற்றி மாற்றி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது பார்க்காத நேரமே இல்லை. ஒருவர் "உங்களாலதான் நாங்க நிம்மதியா தூங்குறோம்" என்றார். வலியில் தான் தூங்கிப் பல நாள் ஆயிற்று என்பதைக் காவலாளி சொல்லவில்லை.

அவருக்குக் கூச்சமாக இருந்தது. போகப் போகக் கோபமாகவும் இருந்தது. உண்மையாகவே குண்டு பட்ட ஒருவனை அவர் லாரியில் ஏற்றி வந்திருக்கிறார். வழியெல்லாம் தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தான். ஊர் வந்து சேர்ந்தபோது கேட்பதை நிறுத்தியிருந்தான். அவனுக்குச் சேர வேண்டிய நன்றியை உருளைக்கிழங்கு மூட்டை விழுந்தவன் வாங்கிக்கொண்டு நிற்பது திருட்டு மாதிரி இருந்தது.

மாப் அக்காவிடம்தான் புலம்பினார்.

"உங்களுக்கு மட்டும் எப்படிக்கா ஸ்டூல் குடுத்தாங்க?"

"கேட்டேன், குடுத்தாங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கால் போச்சுன்னு எழுதிக் குடுத்தேன். அன்னைக்கு மத்தியானமே ஸ்டூல் வந்துடுச்சு. நீங்க என்னன்னு எழுதினீங்க?"

"பட்டாளத்துல அடிபட்டதுன்னு."

"அட கஷ்டகாலமே! போயும் போயும் அதையா தம்பி எழுதுவீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டு, மாப்பைப் பிழிந்து, தரையில் ஸ்கேல் வைத்தது போல ஒரே நேர்க்கோடாக இழுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் மனைவி ஒத்தடம் கொடுத்தபடி, "அவங்களுக்குப் புரியல. நேராப் போயி நாற்காலின்னு கேளுங்க. கூச்சப்படாதீங்க" என்றாள். முதல் யோசனையும் அவளுடையதுதான் என்பதை அவர் நினைவுபடுத்தவில்லை. முழங்கால் அவள் கையில் இருந்தது.

மறுநாள் நேராகப் போனார்.

"சார், கைதட்டல் வேணாம். போட்டோ வேணாம். தூணை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. இல்லன்னா ஒரே ஒரு நாற்காலி. அது போதும்."

மேலாளர் பேனாவை எடுத்தார். "எதுவுமே வேணாம், ஒரு நாற்காலி போதும்! இத விட ஒரு மனுஷன் என்ன சொல்ல முடியும்?" என்று சொல்லிக்கொண்டே அதைத் தாளில் குறித்துக்கொண்டார். "கவலைய விடுங்க மேஜர். நாற்காலி வருது. அதுவும் எப்பேர்ப்பட்ட நாற்காலி!"

காவலாளிக்கு நம்ப முடியவில்லை. அன்று சல்யூட் அடித்தவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சல்யூட் அடித்தார். வீட்டுக்குப் போன் போட்டு, "கிடைச்சிருச்சு" என்றார். மறுமுனையில் மனைவி அழுதேவிட்டாள்.

பத்து நாள் கழித்து வெள்ளிக்கிழமை வந்தது நாற்காலி. தேக்கு மரம், சிவப்பு மெத்தை, கை வைக்கும் இடத்தில் சிங்கத் தலை. நிர்வாக இயக்குநரே ஒன்பதாவது மாடியிலிருந்து இறங்கி வந்து துணியை விலக்கினார். இந்தத் தடவை பேச்சு ஒரு மணி நேரம். காவலாளியின் முழங்கால் கொதித்தது. ஆனாலும் மனசு குளிர்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று காலிடம் சொல்லிக்கொண்டே நின்றார்.

கைதட்டல் அடங்கியதும் இரண்டு எட்டு வைத்து, நாற்காலியின் கையைப் பிடித்து, மெல்ல உட்காரப் போனார்.

"மேஜர்! மேஜர்! என்ன பண்றீங்க?" என்று மேலாளர் பாய்ந்து வந்து அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். "இது உட்கார இல்ல!"

"நாற்காலி சார்..."

"அதைப் படிங்க."

நாற்காலியின் முதுகில் பித்தளைத் தகடு பதித்திருந்தது. 'நமக்காக நிற்பவர்களுக்கு எங்கள் நன்றி. இந்த நாற்காலி என்றும் காலியாகவே இருக்கும்.'

"நீங்க சொன்னதுதான் சார் எங்களுக்கு இந்த யோசனையவே குடுத்துச்சு" என்று சொல்லிக்கொண்டே மேலாளர் தகட்டைக் கைக்குட்டையால் துடைத்தார். இரண்டு பேர் வந்து நாற்காலியைச் சுற்றிப் பித்தளைக் கம்பி நட்டு, சிவப்புக் கயிறு கட்டினார்கள். பிறகு மேலாளர் காவலாளியின் காதருகே குனிந்தார். "ஒரே ஒரு விஷயம் மேஜர். யாரும் இதுல உட்கார்ந்துடாம நீங்கதான் பார்த்துக்கணும். பக்கத்துலயே நில்லுங்க."

அவர் பக்கத்திலேயே நின்றார். மூன்று மணிக்குக் காப்பீட்டுப் பணம் கேட்டு வந்து அலுத்துப்போன ஒரு கிழவர் கயிற்றைத் தாண்டிப் போய் அதில் உட்கார்ந்தார். அவரை எழுப்பக் காவலாளிக்கு மனசு வரவில்லை. நாலு மணிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை நேரத்தில் கவனக்குறைவு. இன்னொரு தடவை நடந்தால் வேலை போகும். கடிதத்தின் தொடக்கத்தில் 'மதிப்பிற்குரிய மாவீரருக்கு' என்று இருந்தது.

ஆறு மணிக்கு எல்லாரும் போன பிறகு நாலு எட்டு நடந்ததும் முழங்கால் மடங்கிவிட்டது. சுவரைப் பிடித்து, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து, கண்ணில் தண்ணீரோடு எப்படியோ மாடிப்படிக்குக் கீழே வந்து சேர்ந்தார். மாப் அக்கா நனைந்த துணிகளை முனைக்கு முனை சேர்த்து, சதுரம் சதுரமாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பார்த்ததும் எழுந்து, நீல ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார்.

காவலாளி உட்கார்ந்தார். ஒன்பது மாதத்தில் அந்தக் கட்டடத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அழுதார்.

"நானும் உங்கள மாதிரி பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்கலாம்க்கா" என்றார் கடைசியில்.

மாப் அக்கா வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதியானதும் இடது கால் புடவையை முழங்கால் வரை தூக்கினார். முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. கட்டையும் தோல் வாரும்தான் இருந்தன.

"பாத்ரூமும் இல்ல, வழுக்கவும் இல்ல தம்பி, கண்ணிவெடி. பதினாலு வருஷம் பட்டாளத்து ஆம்புலன்ஸ் ஓட்டினவ நான். அதைச் சொல்லியிருந்தா இந்த ஸ்டூல் எனக்குக் கிடைச்சிருக்குமா?"