பழனிக்கும் ஒரு டீம் உண்டு, சம்பந்தி

பழனி அடிவாரம்,
செவ்வாய்க்கிழமை

அன்பிலும் மரியாதையிலும் குறைவில்லாத சம்பந்தி, திண்டுக்கல் பிரியாணிக் கடை பொன்னுச்சாமி அவர்கள் சமூகத்துக்கு, பஞ்சாமிர்தக் கடை சேனாதிபதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி சண்முகவள்ளியும் மகள் ஜெயப்பிரியாவும் தண்டாயுதபாணி புண்ணியத்தில் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை ராஜேஷ்குமாரும் தங்கள் பிரியாணி அண்டாவும் சுகமென்று நம்புகிறேன்.

ஜெயிச்சுட்டோம் சம்பந்தி! மரியாதைக்காக நாலு வரி பொறுத்துப் பார்த்தேன், இனி முடியாது. ஜெயிச்சுட்டோம்!

நிச்சயதார்த்தத்தன்று தாங்கள் சொன்னது ஞாபகம் இருக்கும். "எங்க ஊரு பேர்ல ஒரு கிரிக்கெட் டீமு டிவியில ஆடுது சம்பந்தி. டீமு இல்லாத ஊரெல்லாம் ஒரு ஊரா? கல்யாணத்தை எங்க ஊர்லயே வச்சுக்குவோம், அதுதான் அந்தஸ்து" என்றீர்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். "எங்களுக்கும் டீமு இருக்குங்க" என்று வாயை விட்டேன். "அப்ப எங்க பேட்டை டீமோட மோதட்டும். ஜெயிச்ச ஊர்லதான் கல்யாணம்" என்று தட்டு மாற்றிய கையோடு அடித்துச் சொல்லிவிட்டீர்கள். ஜெயப்பிரியா என் காதோரம் வந்து, "அப்பா, நமக்கு எங்கப்பா டீமு கெடக்கு?" என்று கேட்டாள். எனக்கு இருப்பது ஒரே பெண். கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். பூக்கடை அன்னக்கொடி முதல் மொட்டை அடித்துவிடுகிறவர் வரை தெருவே அவளைத் தூக்கி வளர்த்தது. அந்தத் தெரு பார்க்காமல் அவளுக்குத் தாலி ஏறுவதா?

டீம் பிடிக்கத் தெருவில் இறங்கினேன். ஒருவரும் வரவில்லை. "ஞாயித்துக்கெழம கடைய அடைச்சுட்டுப் பந்து பொறுக்கச் சொல்றீங்களாண்ணே? வேற சோலி இல்லையா?" என்று கேட்டுவிட்டு யாத்திரிகர்களைக் கூப்பிடப் போய்விட்டார்கள். அதனால் மலையேறினேன். கொடைக்கானலில் டூரிஸ்ட் வேன் ஓட்டும் அருள்தாஸ் கேப்டன். அவருடைய ஸ்டாண்டில் மூன்று பேர், பெரும்பாறையில் ஆரஞ்சு பறிக்கிறவர்கள் நான்கு பேர், அடுக்கம் மலைக்கிராமத்துக்காரர்கள் மூன்று பேர். "ஏங்க, பதினோரு பேர்ல ஒருத்தராச்சும் பழனிக்காரரா?" என்று சண்முகவள்ளி கேட்டாள். "டிவியில ஆடுற டீமெல்லாம் உள்ளூர்க்காரங்கள மட்டும் வச்சா ஆடுது? சட்டையில ஊர் பேரு இருந்தாப் போதும்" என்று அவள் வாயை அடைத்தேன். சம்பளம் வாங்கினால்தான் புரொபஷனல் டீம் என்று அருள்தாஸ் சொன்னதால், ஆளுக்கு வாரம் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் என்று சம்பளமும் பேசி முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கூட்டத்தை விட்டுத் தாங்கள் மேட்சுக்கு வர முடியவில்லை, அதனால் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் நம் டீம் பேட்டிங். சரிவிலேயே ஆடிப் பழகியவர்களுக்குச் சமதளம் பிடிபடவில்லை. ஒரு ரன் ஓடினால் நிற்கத் தெரியாமல் வேடிக்கை பார்க்கிறவர்கள் மேல் போய் மோதினார்கள், இரண்டாவது ரன்னுக்குத் திரும்புவதற்குள் ரன் அவுட். எப்படியோ தொண்ணூற்றொன்று எடுத்தார்கள். தங்கள் பேட்டை டீம் மூன்று விக்கெட்டுக்கு எழுபது. நம்மவர்கள் ஐந்து கேட்ச்சைக் கோட்டைவிட்டார்கள். எனக்குத் திண்டுக்கல் கல்யாண மண்டபமே கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது. டிரிங்ஸ் இடைவேளை விட்டார்கள், தண்ணீர் கேன் ஏற்றி வந்த ஆட்டோ பாதயாத்திரைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. பசங்க முகம் வாடிப் போச்சு, வெரசா ஒரு பஞ்சாமிர்த டப்பாவை உடைச்சு, ஆளுக்கு ஒரு கை வழிச்சு வச்சேன். நக்கித் தின்றார்கள், கை கழுவத் தண்ணீர் ஏது? அப்படியே ஆடப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சம்பந்தி அதிசயம்! கைக்கு வந்த பந்து கையை விட்டுப் போகவில்லை. ஒருவர் பயந்து கையை உதறினார், அப்போதும் பந்து விழவில்லை. வரிசையாக ஐந்து கேட்ச். தங்கள் ஆட்கள் கூச்சல் போட, அம்பயர் பந்தை வாங்கி முகர்ந்தார். "ஏலக்கா வாசம் வருது, என்னங்க இது?" என்றார். "சாமிக்குப் படைச்ச பஞ்சாமிர்தம்ங்க" என்றேன். அவர் செருப்பைக் கழற்றினார், பந்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, பக்தியோடு பவுலரிடம் திருப்பிக் கொடுத்தார். எறும்பு மொய்க்கிற பந்தை அடிக்கத் தங்கள் ஆட்களுக்கும் மனசு வரவில்லை. மிச்சமிருந்த இரண்டு விக்கெட்டும் போய், எண்பத்தெட்டில் சுருண்டார்கள்!

டீம் இல்லாத ஊர் ஊரே இல்லை என்று தாங்கள் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை! இன்று பழனி தலை நிமிர்ந்து நிற்கிறது. பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறபோதுகூட நான் பெரிய நகரத்து ஆள் மாதிரி உணர்கிறேன். சொன்ன வாக்குப்படி முகூர்த்தம் பழனியில். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், சம்பந்தியம்மாளுக்கு சண்முகவள்ளியின் விசாரிப்புகள், அண்டாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
பழனி டீம் உரிமையாளர்
சேனாதிபதி

பி.கு.: புதன் காலை. கவரை ஒட்டுவதற்குள் வெள்ளனே அருள்தாஸ் போன் செய்தார். "சாரி அங்கிள். வாரா வாரம் பஞ்சாமிர்தம், வீட்ல எல்லாருக்கும் பல்லு கூசுது. திண்டுக்கல்ல ஒருத்தர் ஆளுக்கு வாரம் ரெண்டு மட்டன் பிரியாணி தர்றேன்னாரு. சைன் பண்ணிட்டோம்." யாரென்று கேட்டேன். "உங்க சம்பந்திதான் அங்கிள்." கூடவே தங்கள் வாட்ஸ்அப்பும் வந்து சேர்ந்தது: "ஜெயிச்ச டீமு இப்ப எங்க டீமு. அப்ப ஜெயிச்சது திண்டுக்கல்லுதானுங்களே? மண்டபம் பார்த்தாச்சு."

சம்பந்தி, மேலே எழுதியதில் ஒரு வரியையும் நம்ப வேண்டாம். டீமாம், அந்தஸ்தாம்! பிரியாணிப் பொட்டலத்துக்கு ஊர் மாறுகிற பதினோரு பேரை வைத்தா ஓர் ஊரை எடை போடுவது? விஷயம் கேள்விப்பட்டு அன்னக்கொடி இப்போதுதான் கடைக்கு வந்து போனார். மேட்சுக்கு ஒருத்தர்கூட அடைக்காத கடையை, ஜெயப்பிரியா கல்யாணத்தன்று தெருவே அடைக்கிறதாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழனி ஊர்தான், கல்யாணம் இங்கேதான். தங்கள் டீமையும் மறக்காமல் கூட்டி வாருங்கள். பந்தி பரிமாறப் பதினோரு ஆள் குறைகிறது.