டோரீன், மேற்படி, மேற்படி

நான் சொல்லப் போறதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும், இனிமே எனக்கு ஊத்துற பீர்ல நுரையே நிக்காம போகட்டும். யார்க்‌ஷயர்க்காரன் இதுக்கு மேல ஒரு சத்தியம் பண்ண முடியாது.

என் பேரு க்ளெம் ஆக்ராய்ட். ஹாதர்பி தொழிலாளர் கிளப்போட செக்ரட்டரி. இருபத்திரண்டு வருஷம். ஊர்ல மேயர் மாறினாரு, மில்லை மூடினாங்க, சிகரெட்டைக் கூட வெளில போய்ப் பிடின்னு சட்டம் போட்டாங்க. தலையில இருந்த முடி போச்சு, நாற்காலி போகலை. எங்க தாத்தா செங்கல் சுமந்து கட்டின கிளப்பு அது. அதனால அதுல நான் கொஞ்சம் அதிகமா நெஞ்சை நிமித்தி நடப்பேன். நடக்கலாம், தப்பில்ல.

கிளப்புக்கு இருக்கறது ஒரே சட்டம்தான். மெம்பருக்கு ஊத்தலாம். மெம்பர் கூட்டிட்டு வர்ற விருந்தாளிக்கும் ஊத்தலாம், ஆனா அவங்க பேரை வாசல்ல இருக்கற புஸ்தகத்துல மெம்பர் தன் கையால எழுதணும். எழுதாத ஆளுக்கு ஒரு சொட்டு ஊத்தினாலும் கவுன்சில் லைசென்ஸைப் பிடுங்கிடும். மெம்பர்னா ஆம்பளைங்க. பொம்பளைங்க விருந்தாளி. நூறு வருஷமா அப்படித்தான். ஏன்னு யாரும் கேட்டதில்ல. டோரீன் கேப்பா, ஆனா அவ என் சம்சாரம், அது கேள்வியில சேராது.

சனிக்கிழமை சாயங்காலம் பிங்கோ, நம்பர் கூப்பிடக் கூப்பிடக் கட்டம் அடிக்கிற ஆட்டம். ஊர்ப் பொம்பளைங்க மொத்தமும் வாசல்ல நிப்பாங்க. எல்லார் பேரையும் நான்தான் எழுதணும். நான் பள்ளிக்கூடத்துல பாதி நாள் படிச்சது ஜன்னலைத்தான். ஆனா ஒரு வித்தை மட்டும் மனசுல நின்னுச்சு. மேல இருக்கறதே கீழயும்னா திரும்ப எழுத வேண்டாம், ரெண்டு சின்னக் கோடு இழுத்தா போதும். அதுக்குப் பேரு மேற்படி. மொத வரியில டோரீன்னு எழுதுவேன். அப்புறம் கடகடன்னு கோடு. வாசல்காரர் ஹோரஸுக்கு எழுபத்தொம்பது வயசு, ஒரு கண்ணுதான் வேலை செய்யும். பக்கத்துல மை இருந்தா அவருக்குத் திருப்தி.

ஒரு சனிக்கிழமை கவுன்சில்ல இருந்து ஒரு அம்மா வந்தா. பிங்கோ ஆடுற தலைகளை எண்ணினா. அறுபத்து மூணு. புஸ்தகத்தைப் புரட்டினா. சிரிக்கலை. புஸ்தகத்தைக் கையில எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அடுத்த வாரம் கடுதாசி வந்துச்சு. வியாழக்கிழமை டவுன் ஹால்ல விசாரணை. தப்புன்னு முடிவானா மூணு மாசம் பாருக்குப் பூட்டு, இல்லேன்னா லைசென்ஸே ரத்து. அடுத்த மாசம் கிளப்புக்கு நூறாவது வருஷம், பேண்டு வாத்தியம் எல்லாம் சொல்லியாச்சு. பீர் இல்லாத நூறாவது வருஷம்னா அது துக்க வீடு. நான் பார்ல நின்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன், இந்தக் கிளப்பைத் தனி ஆளா நான் காப்பாத்துறேன்னு. கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

திட்டம் சின்னதுதான். பழியை டோரீன் தலையில போடறது. ஞாயித்துக்கிழமை மாட்டிறைச்சி வெந்துக்கிட்டு இருந்தப்போ, அவ கை வேலையா இருக்கற நேரமாப் பாத்து ஆரம்பிச்சேன். பொம்பளைங்க மந்தை மாதிரி உள்ள பாஞ்சுட்டோம், பாவம் இவரு பேரெழுத நேரமே குடுக்கலைன்னு நீ எழுந்து சொல்லிடு, கவுன்சில் மனசு இளகிடும்னேன்.

"அதாவது தப்பு எங்களோடதுன்னு நான் வந்து சொல்லணும்."

"பாதித் தப்பு."

"எந்தப் பாதி?"

"பெரிய பாதி."

குழம்பை ஒரு சுத்து கிண்டினா. "சரி க்ளெம், வர்றேன்."

அங்கயே நான் உஷாராயிருக்கணும். முப்பத்தெட்டு வருஷத்துல அவ ஒரே பேச்சுல சரின்னு சொன்னது இதுக்கு முன்னாடி ஒரு தடவைதான், கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நான் கேட்டப்போ. அப்பவும் அவகிட்ட ஏதோ ஒரு திட்டம் இருந்திருக்கும்.

சாப்பாடு முடிஞ்சதும் ஒரு தாளை நீட்டினா. அந்த அறுபத்து மூணு பேரோட பேரும் முத்து முத்தா எழுதியிருந்தா. கவுன்சில்ல காட்டினா நாம திருந்திட்டோம்னு நினைப்பாங்க, அடியில கையெழுத்து போடுன்னா.

"மேல என்னமோ நாலு வரி இருக்கே."

"இருக்கு. படிக்கிறியா? உன் கண்ணாடி மாடில இருக்கு."

மாடிக்குப் பதினாலு படி. மேல் படி வரைக்கும் ஏறி, கண்ணாடியை எடுத்து, எறங்கி வந்து படிக்கறதுக்குள்ள இனிப்பு ஆறிடும். கையெழுத்து போட்டேன். அதை ரெண்டு நாள் கிளப்பு நோட்டீஸ் பலகையில தொங்க விடப் போறேன்னு சொன்னா. தொங்கட்டும்னேன். அந்தப் பலகையை யாரும் பாக்கறதில்ல. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி காணாமப் போன முயலை அதுல இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க.

வியாழக்கிழமை டவுன் ஹால். மேஜைக்கு அந்தப் பக்கம் மூணு கவுன்சிலர், நடுவுல தலைவி மிஸஸ் பிக்கர்ஸ்கில். யாரையும் கண்ணுன்னுதான் கூப்பிடுவா. தூக்குல போட்டாலும் கண்ணுன்னு சொல்லித்தான் போடுவா. என் புஸ்தகத்தை என் பக்கம் திருப்பினா.

"மிஸ்டர் ஆக்ராய்ட், கண்ணு, இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

"டோரீன்."

"அப்புறம்?"

"மேற்படி."

"அதுக்குக் கீழ?"

"அதுவும் மேற்படிதான்."

"ஆக ஒரே சாயங்காலத்துல அறுபத்து மூணு டோரீன். அத்தனையும் உங்க சம்சாரமா?"

"ஒண்ணையே சமாளிக்க முடியலைம்மா" ன்னேன். பக்கத்துக் கவுன்சிலருக்கு பிஸ்கட் புரையேறிடுச்சு. ஹாலே சிரிச்சது. என் வாழ்க்கையில அவ்வளவு பெரிய சபை என் பேச்சுக்குச் சிரிச்சதே இல்ல. எனக்கு நெஞ்சு ரெண்டு அங்குலம் வீங்கிடுச்சு. கடைசி வரிசையில டோரீன் மட்டும் சிரிக்கலை.

தலைவி விடலை. யாருன்னே தெரியாத ஜனத்துக்கு ஊத்தியிருக்கீங்க, இது சட்ட மீறல் இல்லையான்னா. வீங்கின நெஞ்சு சும்மா இருக்குமா. தெரியாதவங்களா, ஒவ்வொருத்தரையும் எனக்கு இருபது வருஷமா நல்லாத் தெரியும், யாரு எந்தப் பாட்டுக்கு அழுவாங்கன்னு வரைக்கும் தெரியும்னு உரக்கச் சொல்லிட்டு, டோரீனுக்குக் கண்ணைக் காட்டினேன். எழுந்துரு, பழியை ஏத்துக்கோ.

எழுந்தா. கையில கிளப்போட விதிப் புஸ்தகம். இருபத்திரண்டு வருஷம் ஆடுற மேஜைக்கு அடியில நான் முட்டுக் குடுத்திருந்த அதே புஸ்தகம்.

"விதி ஏழு. ஊர்ல குடியிருக்கற, பதினெட்டு வயசு தாண்டின, செக்ரட்டரிக்கு நல்லாத் தெரிஞ்ச எந்த ஆளும் மெம்பராகலாம். ஆளுன்னுதான் போட்டிருக்கு, ஆம்பளைன்னு போடலை. நல்லாத் தெரியும்னு செக்ரட்டரி இப்பத்தான் உங்க முன்னாடி சொன்னாரு. மனுவுல கையெழுத்தும் போட்டிருக்காரு. விதிப்படி ரெண்டு நாள் நோட்டீஸ் பலகையிலயும் தொங்கியாச்சு, யாரும் ஆட்சேபிக்கலை. அதனால நேத்துல இருந்து நாங்க அறுபத்து மூணு பேரும் மெம்பர். எங்க பேரை இனிமே யாரும் வாசல்ல எழுத வேண்டாம். அந்தத் தப்பு திரும்ப நடக்க வழியே இல்ல."

தாளைத் தலைவி கையில குடுத்துட்டு உக்காந்தா. அந்த மேல் நாலு வரி என்னன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது.

மூணு பேரும் பக்கத்து ரூமுக்குப் போனாங்க. கால் மணி நேரம். எனக்கு அது காலே அரைக்கால் வருஷம். திரும்பி வந்து தலைவி முடிவைப் படிச்சா. நடந்தது மீறல்தான், எழுத்துல ஒரு எச்சரிக்கை. பாருக்குப் பூட்டு ஒரு நாள் கூட இல்ல. ஒரே ஒரு நிபந்தனை, வாசல் புஸ்தகத்துல மிஸ்டர் ஆக்ராய்ட் இனிமே பேனா வைக்கக் கூடாது. "உங்க சம்சாரம் கெட்டிக்காரி, கண்ணு" ன்னா. தெரியும்னேன். அதையும் உரக்கத்தான் சொன்னேன். அவமானமா இருந்துச்சு, ஆனா அதுக்கு மேல ஒரு பெருமை வந்து உக்காந்துக்கிச்சு. எத்தனை பேருக்கு இப்படி ஒரு சம்சாரம் வாய்க்கும், சொல்லுங்க.

நூறாவது வருஷம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. பேண்டு அதிர்ந்து சுவத்துல இருந்த கண்ணாடி ஒண்ணு விழுந்துச்சு. அப்புறம் பொதுக்கூட்டம். ஆம்பளைங்க நாப்பத்தோரு பேர் வந்தாங்க. பொம்பளைங்க அறுபத்து மூணு பேரும் வந்தாங்க. செக்ரட்டரி யாருன்னு கை தூக்கச் சொன்னாங்க. டோரீன் பேரு வந்தப்போ நானும் கையைத் தூக்கினேன். ஜன்னலைச் சாத்தச் சொல்லத்தான் தூக்கினேன், அதையும் சேத்து எண்ணிட்டாங்க. இப்போ பாருக்கு மேல இருக்கற, செக்ரட்டரிங்க பேரு பொறிச்ச பலகையில, என் பேருக்குக் கீழ அவ பேரு தங்க எழுத்துல மின்னுது. ஊருக்குப் புதுசா யாரு வந்தாலும் கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன்.

புது செக்ரட்டரி மொத வேலையா மெம்பர் பதிவேட்டை எடுத்து வரி வரியாப் பாத்தா. ஒரு வரியில விரலை வச்சா.

"க்ளெம், உன் பேரு எங்க?"

"அதோ, எங்க அப்பா பேருக்குக் கீழ."

"இங்க ரெண்டு கோடுதான் இருக்கு."

"மேற்படி."

"மேற்படின்னா மேல இருக்கற ஆளு. மேல இருக்கறது உங்க அப்பா. அவரு செத்து பதினேழு வருஷம் ஆச்சு."

ஆக நான் மெம்பரே இல்ல. புதுசா மனு போடணும். போட்டேன். செக்ரட்டரிக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளாங்கிற இடத்துல அவ இன்னும் ஒண்ணும் எழுதலை. யோசிக்கிறாளாம். கட்டிக்கிட்டு முப்பத்தெட்டு வருஷந்தானே ஆகுது, அவசரப்பட முடியாதாம்.

அதுவரைக்கும் சனிக்கிழமை தோறும் வாசல்ல என்னை நிறுத்தி, புஸ்தகத்துல அவ எழுதறா. மெம்பர், டோரீன் ஆக்ராய்ட். விருந்தாளி, க்ளெம். அதுக்கு அப்புறம் ஆக்ராய்ட்னு வர வேண்டிய இடத்துல ரெண்டு சின்னக் கோடு. தாத்தா செங்கல் சுமந்த பேரு அது.

இன்னொண்ணு, எங்க கிளப்புல விருந்தாளி தன் கையால பார்ல எதுவும் வாங்க முடியாது. அதனால இவ்வளவு நேரம் காதை நீட்டிக் கேட்ட மகராசனுங்க யாராவது எழுந்து போய் எனக்கு ஒரு பைன்ட் பீர் வாங்கிட்டு வாங்க, நுரை நிக்குதான்னு பாத்து. அதைக் குடிச்சு முடிச்சதும், மேற்படி.