மூளையாரின் பித்தளைக் குண்டு

இடைவேளையில் மூளையார் வந்திருக்கிறார் என்றதும், கால்பந்து இறுதிப்போட்டி பார்க்க வந்த கூட்டத்தில் பாதி உடைமாற்றும் அறை வாசலுக்கு ஓடியது. ஓடியவர்கள் யாருக்கும் தலையில் அடிபட்டிருக்கவில்லை. பார்த்தால் அப்படித் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவர் மகிமை ஊரறிந்தது. விளையாட்டில் தலை அடிபட்ட பிள்ளையைக் கறுப்புத் துணியால் மூடச் சொல்வார். மேலே நூலில் பித்தளைக் குண்டைத் தொங்கவிடுவார். வட்டமிட்டால் மூளை இடத்தில் இருக்கிறதாம். குறுக்கே ஆடினால் நகர்ந்துவிட்டதாம். நகர்ந்ததை ஒரு தட்டு தட்டிச் சேர்த்துவைப்பார். அடிபட்ட தலைக்கு மருந்து இன்னொரு அடி! காணிக்கை வாங்கிக்கொண்டு "ஆடலாம்" என்பார். எவரையும் "ஆடாதே" என்று சொன்னதே இல்லை. கோச்சுகளுக்குப் பிடிக்காமல் போகுமா?

முதல் பாதியில், 'சுவர்' என்று பெயரெடுத்த கோல்கீப்பர் பெண் கம்பத்தில் மண்டையை மோதிக்கொண்டாள். எழுந்து நின்றாள். கைதட்டினார்கள். இடைவேளையில், இரண்டு வருடமாகப் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த மாற்று கோல்கீப்பரிடம் கேட்டாள்:

"ஏய், ஆட்டம் எப்ப ஆரம்பிக்கும்?"

"பாதி முடிஞ்சிருச்சுடி."

வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றாள். ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து, "ஏய், ஆட்டம் எப்ப ஆரம்பிக்கும்?"

மாற்றுக்காரி கோச்சிடம் ஓடினாள். "சார், இன்னைக்கு அவ ஆடவே கூடாது. உடனே டாக்டர்கிட்ட காட்டணும்."

"அவ போனா நீ எறங்கலாம்னு பாக்குறியா? மூளையார் சொல்லட்டும்."

அந்த இடத்துக்கு அவள் ஏங்கியது உண்மைதான். அதனால்தான் பேச்சு சுருக்கென்று தைத்தது. ஆனால் சுவர் அவளுடைய தோழி. நேரே மூளையாரிடம் போனாள்.

"ஐயா, இன்னொருத்திக்கும் மண்டையில பட்டிருக்கு. அவளையும் சேத்துப் பாத்துருங்க."

இரட்டைக் காணிக்கை! மூளையார் முகம் மலர்ந்தது. "துணி போட்டு மூடும்மா. முகம் பாத்தா குண்டு கோவிச்சுக்கும்" என்று முதுகு காட்டித் திரும்பிக் கண்ணை மூடினார். கோச்சும் பயபக்தியோடு மூடினார்.

குட்டையான தடுப்புக்கு மேலே இரண்டு கறுப்பு முக்காடுகள் தெரிந்தன. முதல் முக்காட்டுக்கு மேல் குண்டு அழகாக வட்டமிட்டது.

"பத்திரம். ஆடலாம்."

இரண்டாவதில் குறுக்கே ஆடியது. "அடடா, இடது பக்கம் நல்லா நகந்திருக்கு!" ஒரு தட்டு. டொம்மென்று சத்தம். "கேட்டீங்களா? மூளை உக்காந்துருச்சு. கெட்டிக்காரப் பொண்ணு. ஆடலாம்."

மாற்றுக்காரி அந்த இரண்டாவது துணியை உருவினாள். பந்து. அது தடுப்பிலிருந்து விழுந்து, உருண்டு, கோச்சின் காலடியில் நின்றது.

சிரிப்பில் அறை அதிர்ந்தது. "குண்டுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல…" என்று மூளையார் முனகினார்.

"பந்துக்கு மூளை நகந்துச்சு, வாந்தி எடுத்தவ பத்திரமா? துணியை எடுத்து அவ முகத்தப் பாருங்க சார்!"

கோச் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார். வெளிறிய முகத்தோடு சுவர் அவரைக் கேட்டாள்: "சார், ஆட்டம் எப்ப ஆரம்பிக்கும்?"

அவரே அவளை வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார். மூளை அதிர்ச்சி என்றார் டாக்டர். ஓய்வு வேண்டும், தலைவலி, மயக்கம் எல்லாம் முற்றிலும் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம், கடைசியில்தான் பந்து, அதுவும் தன்னைக் கேட்டுவிட்டு என்றார். இன்னொரு அடி விழுந்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம் என்றதும் கோச் அழுதேவிட்டார்.

மாற்றுக்காரி மூன்று கோல் விட்டாள். தோற்றார்கள். மைதான வாசலில் ஒரு பெரிய மனிதர் அவளிடம் அலுத்துக்கொண்டார்: "மூளையார் சொன்னபடி சுவரை எறக்கியிருந்தா கப்பு நமக்குத்தான்."

"அவளுக்குப் பதிலா எறங்க நான் பெஞ்சில இருந்தேன், ஐயா. மூளைக்குப் பதிலா எறங்க எந்தப் பெஞ்சில யார் இருக்கா? உள்ளது ஒண்ணுதான். இருக்கும்போதே அதையும் கொஞ்சம் களத்துல எறக்குங்க!"