சூடானால் கறுப்பு, ஆறினால் மஞ்சள்

மதிப்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய என் துணைவிக்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நம் மகளும் சுகம். அங்கே நீயும், மகனும், மருமகளும், உன் முழங்கால் வலி ஒன்றைத் தவிர மற்ற எல்லாமும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அடுத்து ‘நிற்க’ என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நேற்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை, அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ நாலு கேள்வி கேட்பாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நான் கிளம்பும்போது வாசலில் நின்று இரண்டு உத்தரவு போட்டாய். “அவ வேலை பார்க்கிற இடத்துல எதையும் தொடாதீங்க. எதுவா இருந்தாலும் அவசரப்படாம கொஞ்சம் ஆறப் போடுங்க.” இரண்டாவது உத்தரவை நான் அப்படியே நிறைவேற்றினேன். அதனால்தான் முதல் உத்தரவு காற்றில் போனது. ஆகவே நடந்ததில் பாதிப் பொறுப்பு உன்னுடையது என்பதை முதலிலேயே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நம் மகள் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறாள் என்று நீயும் நானும் இத்தனை நாளாக அக்கம்பக்கத்தில் “ஏதோ சோலார்” என்று சொல்லிச் சமாளித்து வந்தோம் அல்லவா, அது வெயிலில் மின்சாரம் எடுக்கும் ஒரு பொருளாம், மை போலக் கரைத்துக் கண்ணாடியில் மெல்லிசாகப் பூசுகிறார்களாம். அதன் பெயர் பெரோவ்ஸ்கைட். என் வாயில் நுழைந்தது பேரவஸ்தை. பிறகு பார்த்தால் என் வாய்தான் சரி. இந்தப் பேரவஸ்தையைப் பார்த்து முடிவு சொல்ல வெள்ளிக்கிழமை ஒரு மதிப்பீட்டுக் குழு வருகிறது, அவர்கள் தலையாட்டினால் அவளுக்கு இன்னும் மூன்று வருடம் வேலை, உதட்டைப் பிதுக்கினால் மேசையைக் காலி செய்துகொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். அவர் ஓர் உம்மணாமூஞ்சி. கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவர் இல்லாதபோது. பிள்ளை வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. “நீங்களும் கூட வாங்கப்பா, கொஞ்சம் தைரியமா இருக்கும்” என்றாள். பெற்ற பெண் அப்படிக் கேட்டால் எந்த அப்பன் வீட்டில் உட்கார்ந்திருப்பான்? போனேன். ஒரு வெள்ளைக் கோட்டும் பிளாஸ்டிக் கண்ணாடியும் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு பதவி உயர்வு வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அங்கே ஒரு மேசைமேல், பெரிய கண்ணாடி மூடிக்குள், ஹாட் பிளேட் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று காலி. மற்றதில் தபால்தலை அளவுக்குக் கண்ணாடித் துண்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. அவள் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஏதோ விளக்க ஆரம்பித்து, நான் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டு, குழுவை வரவேற்கக் கீழே போனாள். தலையாட்டினேன்தான், காதில் வாங்கினேன் என்று சொல்லவில்லை. ஏனென்றால் என் கண் அந்தத் துண்டுகளின் மேலேயே இருந்தது. அத்தனையும் கன்னங்கரேல்! ஹாட் பிளேட்டில் நூற்றைம்பது என்று எண் எரிகிறது. நீயே சொல், பிஸ்கட் கம்பெனியில் அடுப்புப் பகுதியைக் காலமெல்லாம் கட்டிக் காத்தவன் நான். பொன்னிறம் வந்தால் பெட்டிக்கு, கறுப்பு வந்தால் குப்பைக்கு, ஆறிய பிறகுதான் அடைக்க வேண்டும் என்று சுவரெல்லாம் எழுதிப் போட்டவன். என் மகளின் மூன்று வருடப் பிழைப்பு என் கண்முன்னால் கருகிக்கொண்டிருக்கிறது, நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? மேசையின் முன்பக்கம் இருந்த குமிழை இடது பக்கம் திருகினேன். எண் மளமளவென்று இறங்கியது. அது போதாதென்று செய்தித்தாளை மடித்துக் கண்ணாடி மூடியைச் சுற்றி வந்து விசிறினேன். வெளியே மழை வேறு, நல்ல குளிர்ந்த காற்று. கொஞ்ச நேரத்தில் ஓரத்துத் துண்டு லேசாக வெளுத்தது, அப்புறம் அடுத்தது, அப்புறம் எல்லாமே பளிச்சென்று மஞ்சள்! பழைய வேலைக்குத் திரும்பிய மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குழுவுக்கு முன்னால் அவள் மட்டும் உள்ளே வந்தாள். “நல்லவேளை நான் இருந்தேம்மா. எல்லாம் கருகிப் போச்சு. ஆற வெச்சேன். இப்ப பாரு, எப்படி பொன்னா வந்திருக்கு!” என்றேன்.

“அப்பா, கறுப்புதாம்பா சரியான நிறம்.”

“கறுப்பா?”

“கறுப்பா இருந்தாத்தான் அது வெயிலைப் பிடிக்கும். மஞ்சளாயிட்டா ஒண்ணுக்கும் உதவாது.”

எனக்கு உயிரே போய்விட்டது. கடை திவாலானால் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்பார்களே, இங்கே என் மகளுக்கு நானே என் கையால் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டேன். பெற்ற பிள்ளையின் பிழைப்பில் இப்படி மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். “தெரியாம இந்தக் குமிழைத் திருகிட்டேம்மா” என்று காட்டினேன். அவள் குமிழைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த செய்தித்தாளைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள், தோள் இரண்டும் குலுங்கின. நான் அவளை அழ வைத்துப் பார்த்ததே இல்லை. அந்த நிமிடம் நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வர வேண்டாம்.

அதற்குள் குழு உள்ளே வந்துவிட்டது. தலைவியம்மா முன்னால், உம்மணாமூஞ்சி பின்னால். நான் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு மூலையில் பீரோவோடு பீரோவாக நின்றேன். நம் மகள் திரும்பினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மஞ்சள் துண்டுகளை விளக்கு வெளிச்சத்தில் காட்டினாள். துண்டுகளோடு கம்பியில் இணைத்திருந்த சின்ன மின்விசிறி அசையவில்லை. நான் பீரோவோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன். அவளோ நிதானமாகப் பேசினாள்: “இதுக்குள்ள எட்டு முகம் இருக்கிற குட்டிக் குட்டிப் பெட்டிங்க இருக்கு. சூட்டுல அதெல்லாம் மூலைக்கு மூலை கை கோத்து நிக்கும். நடுவுல ஒரு மூலக்கூறு, அந்த ஆளு சுத்திக்கிட்டே இருப்பான், அவனுக்கு அவ்வளவு இடம் வேணும். அப்பதான் கறுப்பு. ஆறினா அவன் அடங்கிடுவான், பெட்டிங்க கோத்த கையை விட்டுட்டு முகத்தோட முகம் ஒட்டிக்கிட்டு தனித்தனி வரிசையா நின்னுடும். அதுதான் இந்த மஞ்சள். பொருள் அதேதான், அடுக்குதான் வேற.” இப்படிச் சொல்லிவிட்டு ஹாட் பிளேட்டை மறுபடி முடுக்கினாள். எண் ஏறியது. நான் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தேன். மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகி, அத்தனை துண்டும் பழையபடி கன்னங்கரேல்! விளக்கடியில் மின்விசிறி ஒரு தடவை தயங்கிவிட்டு விர்ரென்று சுற்றியது. என் வாழ்நாளில் கருகியதைப் பார்த்து நான் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

தலைவியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எத்தனையோ கூடத்துல படம் போட்டுத்தான் காட்டுவாங்க. நீங்க நேர்லயே காட்டிட்டீங்க. இதை இவ்வளவு பக்குவமா ஆற வெச்சது யாரு?” என்றார். நம் மகள் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டினாள்: “எங்க அப்பா.” அந்த அம்மாள் வந்து என் கையைக் குலுக்கினார். உம்மணாமூஞ்சி சிரித்தார். அவருக்குப் பல் இருக்கிறது, நானே பார்த்தேன். அன்று மாலையே மூன்று வருட வேலை உறுதியாகிவிட்டது. ஆறிய பிறகும் கறுப்பு மாறாமல் வைத்திருக்க வழி கண்டுபிடிப்பதுதான் இனி அவளுடைய வேலையாம்.

ஆகவே இதனால் நீ அறிய வேண்டியது, ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்ற பழமொழி இனி நம் வீட்டில் செல்லாது. நான் மட்டும் துணிந்து ஆறப் போடாமல் இருந்திருந்தால் குழுவுக்குக் காட்ட என்ன இருந்திருக்கும்? இன்று காலை காவலாளியிடம் சொன்னேன், பேருந்தில் பக்கத்தில் இருந்தவரிடமும் சொன்னேன், இருவரும் வியந்தார்கள். இனிமேல் நீ பால் பாத்திரத்தைக் கருக விட்டாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன், கறுப்பின் மதிப்பு எனக்குப் புரிந்துவிட்டது. மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். உன் முழங்காலுக்கு என் அன்பான விசாரிப்பு.

இப்படிக்கு,
தொட்டது துலங்கும் கைக்குச் சொந்தக்காரனான
உன் கணவன்

பின்குறிப்பு: அம்மா, இது நான், உன் பொண்ணு. தபாலில் போடச் சொல்லி அப்பா கடிதத்தை ஒட்டாமல் கொடுத்தார், “நீயும் படிச்சுப் பாரு, நல்லா வந்திருக்கு” என்று வேறு சொன்னார். படித்தேன். அப்பா திருகியது பக்கத்தில் காலியாக இருந்த ஹாட் பிளேட்டின் குமிழ். அது அணைந்தே கிடந்தது. என்னுடையது அந்த நேரத்துக்குத் தானாகச் சூடு இறங்கும்படி காலையிலேயே நான்தான் வைத்திருந்தேன். மஞ்சளாக வேண்டும் என்றுதான் மூடிக்குள் ஈரக் காற்றையும் விட்டிருந்தேன். குழுவுக்குக் காட்டப்போவதே அந்த மாற்றத்தைத்தான். அதைத்தான் அவரிடம் விளக்கினேன், அவர் தலையாட்டினார். அவர் விசிறியது மட்டும் நிஜம், கண்ணாடி மூடிக்கு வெளியே. சுவர்ப் பக்கம் திரும்பி நான் அழவில்லைம்மா, சிரித்தேன். அதுவரைக்கும் எனக்கு ஒரே பதற்றம், முதல் வாக்கியமே மறந்துபோயிருந்தது. அப்பா அந்தச் செய்தித்தாளோடு நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கியதில் பதற்றம் போன இடம் தெரியவில்லை. அதனால் “எங்க அப்பா” என்று சொன்னதும் ஒன்றும் பொய் இல்லை. அவரிடம் இதையெல்லாம் சொல்லிவிடாதே. கொஞ்ச நாள் ஆறப் போடு.